வாடகைப் பற்றுச்சீட்டுக்கு விண்ணப்பித்தால் வீடு தரமாட்டேன் என்கிறார் உரிமையாளர். சட்டம் யார் பக்கம்?

ஈசூன்_தம்பி | 12 ஆகஸ்ட் 2024

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் தெங்காவில் பிடிஓ (நாம பதிவு செஞ்சபிறகு அரசாங்கம் கட்டித் தர்ற புது வீடு) எடுத்திருக்கோம், சாவி கைக்கு வர இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆகும். அம்மா வீட்டில் அண்ணன் குடும்பமும் இருக்கு. டிசம்பரில் எங்களுக்குக் குழந்தை. பிபிஎச்எஸ் வீட்டுக்கு (புது வீடு வரும் வரை அரசாங்கம் தர்ற தற்காலிக வாடகை வீடு) குலுக்கலில் நம்பர் வரலை. சரி, வெளியே வாடகைக்குப் போவோம், 2024 ஜூலையிலிருந்து ஒரு வருஷத்துக்கு அரசாங்கம் தர்ற மாசம் 300 வெள்ளிப் பற்றுச்சீட்டு (வாடகை உதவி வவுச்சர்) கொஞ்சம் தாங்கும்னு ஈசூனில் ஒரு மூவறை வீடு பார்த்தோம். வாடகை 2,600. பேச்செல்லாம் முடிஞ்சு, டெபாசிட் கட்டப் போற நேரத்தில், "பற்றுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கணும், வீவக-வோட (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதி நம்பர் வேணும்"னு சொன்னேன். அவ்வளவுதான், உரிமையாளர் முகம் மாறிடுச்சு. "அந்த அரசாங்க விவகாரம் எல்லாம் எனக்கு வேணாம். மாசம் 100 குறைச்சுக்கிறேன், பேப்பர் இல்லாம இருங்க, ஐசி-யில் (அடையாள அட்டை) முகவரி மாத்தாதீங்க"ங்கிறார்.

உதவித் தொகை வாங்குறவங்களுக்கு வீடு தரமாட்டேன்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்கா? எங்கேயாவது புகார் கொடுக்கலாமா?

செங்காங்_ராஜி | 12 ஆகஸ்ட்

தம்பி, முதல்ல அந்த டெபாசிட்டைக் கட்டாதீங்க. நாங்க போன மாசம்தான் விண்ணப்பிச்சோம். குடும்ப வருமானம் 7,000-க்குள்ள இருக்கணும், பதிவு செஞ்ச வீடு இன்னும் கட்டி முடியாம இருக்கணும், வாடகை வீடு வீவக அனுமதியோட எடுத்ததா இருக்கணும். பேப்பர் இல்லாத வீட்டுக்கு 300 வராது. 100 குறைக்கிறேன்னு சொல்றவர் உங்க கையிலிருந்து 200 எடுக்கிறார்.

பழைய_முகவர் | 12 ஆகஸ்ட்

ராஜி சொன்னது சரி. உங்கள் கேள்விக்கு நேரடியாக: இல்லை, அவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை. யாருக்கு வீடு கொடுப்பது என்பது உரிமையாளர் விருப்பம். "உதவி பெறுபவருக்கு மறுக்கக்கூடாது" என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது.

ஆனால் இவர் மறுப்பது உதவித் தொகையை அல்ல என்று நினைக்கிறேன். அந்த 300 வெள்ளி உங்களுக்கு வருவது. அவருக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. அவர் பயப்படுவது பதிவுக்கு. முகவராக இருந்த காலத்தில் இந்த ரகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கைப் பாருங்கள்.

அவருடைய வீட்டின் ஆண்டு மதிப்பு, அதாவது ஓராண்டு வாடகைக்கு விட்டால் கிடைக்கும் என்று வரித் துறை கணிக்கும் தொகை, 12,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அவரே அங்கே குடியிருப்பதாகப் பதிவில் இருந்தால் 2024-ஆம் ஆண்டுக்கான சொத்து வரி: முதல் 8,000-க்கு ஒன்றுமில்லை, மீதி 4,000-க்கு 4%, ஆக 160 வெள்ளி. முழு வீட்டையும் வாடகைக்கு விட்டதாகத் தெரிந்தால் முதல் 30,000 வரை 12%, அதாவது 1,440 வெள்ளி. இதற்கு மேல் வாடகை வருமானத்துக்கு வருமான வரி வேறு. பற்றுச்சீட்டு விண்ணப்பம், ஐசி முகவரி, முத்திரை வரி மூன்றுமே அவர் வீட்டில் வேறொருவர் குடியிருப்பதை அரசாங்கத்துக்குச் சொல்லிவிடும். 100 வெள்ளித் தள்ளுபடி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

நாலறை_வீட்டுக்காரர் | 12 ஆகஸ்ட்

எல்லா உரிமையாளரையும் வரி ஏய்ப்பவன்னு எழுதாதீங்க ஐயா. நானும் வீடு விட்டிருக்கேன், வீவக அனுமதி, வரி எல்லாம் ஒழுங்கா இருக்கு. ஆனா உதவி வாங்குற குடும்பம்னா நானும் ஒரு தடவை யோசிப்பேன், அதைச் சொல்லிடுறேன். பற்றுச்சீட்டுப் பணம் வாடகைக்காரர் கைக்குத்தான் போகுது, எனக்கு அரசாங்கம் எந்த உத்தரவாதமும் தரலை. அந்தத் திட்டம் நின்னுபோச்சுன்னா? வேலை போயிடுச்சுன்னா? முன்னாடி ஒருத்தர் மூணு மாச வாடகை பாக்கி வச்சுட்டுக் கிளம்பினார். டெபாசிட் ஒரு மாசம்தான் வாங்கியிருந்தேன். என் வீட்டுக் கடனை யார் கட்டுறது?

நியூஜெர்சி_கண்ணன் | 13 ஆகஸ்ட்

ஜூரோங் வெஸ்டில் வளர்ந்தவன், இப்போ அமெரிக்காவில். வீட்டுக்காரர் அண்ணன் கேட்டதுக்கு இங்கே ஒரு ஏற்பாடு இருக்கு. செக்‌ஷன் எட்டுன்னு சொல்வாங்க. வாடகைக்காரர் தன் வருமானத்தில் சுமார் 30% கட்டுவார், மீதியை வீட்டு வாரியம் நேரே உரிமையாளர் கணக்கில் போட்டுடும். அதுக்குப் பதிலா வாரியம் வீட்டைச் சோதனை போடும், தரமில்லைன்னா பணம் நிக்கும். எங்க மாநிலத்தில் "வவுச்சர்காரனுக்கு வீடு இல்லை"ன்னு விளம்பரம் போட்டா அது பாகுபாட்டுச் சட்டப்படி சட்டவிரோதம். கலிஃபோர்னியாவிலும் 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். ஆனா நாடு முழுக்கப் பொருந்தும் சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சட்டம் இருக்குற இடத்திலும் காரணத்தை மாத்திச் சொல்லித் தட்டிக் கழிக்கிறவங்க உண்டு.

பழைய_முகவர் | 13 ஆகஸ்ட்

கண்ணன், அங்கே உரிமையாளரும் வாரியமும் ஒப்பந்தம் போடுகிறார்கள். அதனால் உரிமையாளருக்குக் கடமை வருகிறது. இங்கே பற்றுச்சீட்டு உங்களுக்கும் வீவக-வுக்கும் இடையே உள்ள விஷயம், உரிமையாளர் அதில் கையெழுத்தே போடுவதில்லை. அந்த ஊர்ச் சட்டத்தை வைத்து இங்கே வாதாட முடியாது.

சட்டம்_படிச்சவன் | 13 ஆகஸ்ட்

வழக்கறிஞராகத் தொழில் செய்யவில்லை, படித்ததோடு சரி. இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிங்கப்பூரில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது, 2001-இல் ரத்தானது. அதன் பிறகு வீட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் இருப்பது ஒப்பந்தமும் பொதுச் சட்டமும்தான். வேடிக்கை என்னவென்றால், கடை வாடகைக்கு 2023-இல் சட்டம் வந்து 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முடிதிருத்தும் கடைக்கு இருக்கும் பாதுகாப்பு அதன் மேல்மாடியில் குடியிருக்கும் குடும்பத்துக்கு இல்லை!

உரிமையாளருக்கு இருக்கும் கடமைகளைப் பார்த்தால் பெரும்பாலானவை வாடகைக்காரரை நோக்கியவை அல்ல, அரசாங்கத்தை நோக்கியவை. வாடகைக்கு விடும் முன் வீவக அனுமதி வாங்க வேண்டும். முழு வீட்டை விட வேண்டுமானால் பொதுவாகக் குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும், குடிமகனாகவும் இருக்க வேண்டும். நிரந்தரவாசி முழு வீட்டை விட முடியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்து விடக்கூடாது. வெளிநாட்டினருக்கு விட்டால் அவர்கள் இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையின் அசலைப் பார்த்து, கடவுச்சீட்டோடு ஒப்பிட்டு, வழங்கிய துறையிடம் சரிபார்க்க வேண்டும். இவற்றில் எதை மீறினாலும் அவருக்கும் அரசுக்கும் பிரச்சினை. அனுமதியில்லாமல் விட்டால் எச்சரிக்கைக் கடிதத்தில் தொடங்கி, அபராதம், கடைசியில் வீட்டையே வீவக எடுத்துக்கொள்வது வரை போகலாம்.

வாடகைக்காரரை நோக்கிய கடமைகளில் முதன்மையானது, வாடகை கட்டும் வரை அவர் நிம்மதியாகக் குடியிருக்க விடுவது. சொல்லாமல் சாவி போட்டு உள்ளே வருவது, தண்ணீரை நிறுத்துவது எல்லாம் இதற்கு எதிரானவை. பழுது பார்ப்பது, டெபாசிட்டைத் திருப்புவது போன்ற மீதி எல்லாம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். எழுதவில்லை என்றால் பெரும்பாலும் இல்லை.

ஈசூன்_தம்பி | 13 ஆகஸ்ட்

அப்போ பேப்பர் இல்லாம இருந்தா எனக்கு என்ன ஆபத்து? மனைவி "100 வெள்ளி லாபம்தானே, அஞ்சாவது மாடி, எம்ஆர்டி ரயில் பக்கம்"ங்கிறா.

சட்டம்_படிச்சவன் | 13 ஆகஸ்ட்

முத்திரை வரி கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. நாளைக்கு டெபாசிட் தரமாட்டேன் என்றால் உங்கள் கையில் வாட்ஸ்அப் மட்டும்தான். வரி அப்படியொன்றும் பெரிதில்லை. நான்கு ஆண்டு வரையான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4%. மாதம் 2,600, ஓராண்டு என்றால் 31,200-க்கு 124 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும், வழக்கமாக வாடகைக்காரர்தான் கட்டுவார். முத்திரை இருந்தால், இரண்டு ஆண்டுக்கு மிகாத வீட்டு வாடகைத் தகராறுகளைச் சிறு கோரிக்கை மன்றம் எடுத்துக்கொள்ளும். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞருக்கு அங்கே அனுமதி இல்லை, நீங்களே பேசலாம்.

குடும்பசேவை_அக்கா | 13 ஆகஸ்ட்

முகவரி விஷயத்தை யாரும் பெரிசாப் பேசலை, அதான் உள்ளே வந்தேன். வீடு மாறினா 28 நாளுக்குள்ள ஐசி முகவரியை மாத்தணும், அது சட்டம். மாத்தாம இருந்தா குற்றம் உங்க பேர்லதான், வீட்டுக்காரர் "மாத்தாதே"ன்னு சொன்னார்ங்கிறது காரணமாகாது.

அதைவிட முக்கியம், இந்த ஊர்ல உதவி எல்லாம் முகவரியோட ஒட்டிக்கிட்டு வரும். ஜிஎஸ்டி பற்றுச்சீட்டுப் பணம் எவ்வளவுன்னு முடிவு பண்ண ஐசி-யில் இருக்குற வீட்டோட ஆண்டு மதிப்பைப் பார்க்கிறாங்க. சமூக சேவை அலுவலகத்துல காம்கேர் (குறைஞ்ச வருமானக் குடும்பத்துக்கு அரசாங்க நிதி உதவி) கேட்டா, வாடகை, கரண்ட், தண்ணி பில்லுக்கு உதவி கிடைக்கலாம், ஆனா நீங்க எங்க இருக்கீங்க, எவ்வளவு கட்டுறீங்கன்னு காட்டணும்ல? பேப்பர் இல்லாம ஒரு அறையில் இருந்துட்டு, புருஷன் விட்டுட்டுப் போனபிறகு கைக்குழந்தையோட வந்து நிக்கிற பொண்ணுங்களைப் பார்க்கிறேன். வாடகை கட்டினதுக்கு ஒரு ரசீது இருக்காது. வீட்டுக்காரர் போனையும் எடுக்கமாட்டார். அவங்களுக்கு உதவி வாங்கித் தர்றதுக்குள்ள படாத பாடு.

தோபாயோ_மாமி | 13 ஆகஸ்ட்

எல்லாம் சரி, நம்ம ஆளுங்களுக்கு அதுக்கு முன்னாடியே ஒரு கதவு சாத்துவாங்களே, அதை யாரும் சொல்லலையே. போனை எடுத்ததும் "இந்தியரா?" அடுத்தது "ஹெவி குக்கிங்கா, லைட் குக்கிங்கா?" என் மருமகள் "தோசை லைட்டா ஹெவியா"ன்னு திருப்பிக் கேட்டா, போனை வச்சுட்டாங்க. பற்றுச்சீட்டு பத்திப் பேச அங்க நேரமே இல்ல.

பழைய_முகவர் | 14 ஆகஸ்ட்

மாமி சொல்வது உண்மை. இதிலும் உரிமையாளரைத் தடுக்கும் சட்டம் இல்லை. அரசியலமைப்பில் உள்ள சம உரிமை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமே தவிரத் தனிமனிதர் யாருக்கு வாடகை விடுகிறார் என்பதற்குள் வராது. ஆனால் முகவருக்குக் கட்டுப்பாடு உண்டு. இனத்தைச் சொல்லி ஒதுக்கும் விளம்பரத்தை அவர் போடக்கூடாது. போட்டால் சொத்து முகவைகள் மன்றத்தில், அதுதான் சிஇஏ, புகார் செய்யலாம். அதன் பிறகு விளம்பரத்தில் அந்த வரி மறைந்தது, போனில் இருக்கிறது.

சமையல் விஷயத்துக்கு ஒரு யோசனை: "லைட் குக்கிங்" என்று ஒப்பந்தத்தில் எழுத விடாதீர்கள். சமையலுக்குத் தடையில்லை, காலி செய்யும்போது சமையலறையைச் சுத்தம் செய்து தருவோம் என்று எழுதுங்கள். டெபாசிட்டைப் பிடித்துவைக்கப் பயன்படும் முதல் சொல் அதுதான்.

நாலறை_வீட்டுக்காரர் | 14 ஆகஸ்ட்

நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. பாக்கி வச்சா நான் என்ன செய்யறது?

சட்டம்_படிச்சவன் | 14 ஆகஸ்ட்

உங்களுக்கும் வழி இருக்கிறது, அதற்கும் பேப்பர் வேண்டும். வாடகை பாக்கிக்காக வாடகைக்காரரின் பொருட்களைக் கைப்பற்ற நீதிமன்ற உத்தரவு வாங்கலாம், 12 மாத பாக்கி வரை. நீங்களாகப் பூட்டை மாற்றி சாமான்களைத் தாழ்வாரத்தில் வைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். வாடகை அல்லாத வேறு விதிமீறலுக்கு வெளியேற்றுவதாக இருந்தால், எது மீறல் என்று குறிப்பிட்டு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, சரிசெய்ய நேரம் தர வேண்டும். 300 வெள்ளி உதவி வாங்குபவர் என்பதால் இதில் ஒன்றும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

பயமாக இருந்தால் இரண்டு மாத டெபாசிட் கேளுங்கள், சம்பளச் சீட்டைப் பாருங்கள். அதை யாரும் தவறு என்று சொல்லவில்லை. நல்ல வேலையில் 9,000 வெள்ளி வாங்கியவர் பாக்கி வைத்துவிட்டு விமானம் ஏறிய கதைகளும் உண்டு.

நாலறை_வீட்டுக்காரர் | 14 ஆகஸ்ட்

அது நியாயம். என் ஆளும் உதவி வாங்குறவர் இல்லைதான். நல்ல கம்பெனி வேலை.

உட்லண்ட்ஸ்_முத்து | 14 ஆகஸ்ட்

வீவக-விடமே வாடகை வீடு கேட்கலாமே? அம்மா ஓரறை வீட்டில் இருக்காங்க, மாசம் 33 வெள்ளிதான்.

குடும்பசேவை_அக்கா | 14 ஆகஸ்ட்

அது வேற திட்டம் முத்து. பொது வாடகை வீடு ரொம்பக் குறைஞ்ச வருமானக் குடும்பங்களுக்கு. 1,500 வெள்ளிங்கிறதைத்தான் அளவுகோலா வச்சிருந்தாங்க, இப்ப குடும்ப நிலைமையையும் சேர்த்துப் பார்க்கிறாங்க. ஓரறை, ஈரறை வாடகை 26-லிருந்து 275 வரைக்கும், வருமானத்துக்குத் தகுந்த மாதிரி. அங்க உரிமையாளரே வீவகதான். பாக்கி வந்தா முதல்ல கூப்பிட்டுப் பேசுவாங்க, தவணை போட்டுத் தருவாங்க, எங்ககிட்டயும் அனுப்புவாங்க. ஆனா ஒண்ணு, அந்த வீட்ல ஒரு அறையைக்கூட வெளியாளுக்கு வாடகைக்கு விடக்கூடாது. அம்மாகிட்ட சொல்லிடுங்க, யாராச்சும் "ஒரு கட்டில் போட்டுக்கிறேன் ஆன்ட்டி"ன்னு வருவாங்க.

ஈசூன்_தம்பி | 17 ஆகஸ்ட்

நன்றி. அந்த வீட்டை விட்டுட்டோம். கடைசியா ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்: "உங்க வீட்டுக்கு அஞ்சு வருஷம் முடிஞ்சுதா?"ன்னு. பதில் வரலை, நம்பரை பிளாக் பண்ணிட்டார். நாலாம் பிளாக்கில் இருக்குற மச்சான் சொல்றான், அந்த மாடியே 2021-ல்தான் சாவி வாங்கினவங்களாம்.

இப்போ அட்மிரல்டியில் ஒரு வீடு பேசுறோம், 2,700. உரிமையாளர் ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர். வீவக அனுமதி எடுத்துத்தான் விடுவேன்னு அவரே சொல்லிட்டார், பற்றுச்சீட்டுன்னதும் "நல்லது, வாங்கிக்கோ"ன்னார். ஒப்பந்தத்தில் என்னென்ன பார்க்கணும்?

பழைய_முகவர் | 17 ஆகஸ்ட்

வாழ்த்துகள். சிஇஏ தளத்தில் மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது, பயனீட்டாளர் சங்கமும் சேர்ந்து தயாரித்தது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள், முகவர் எங்கிருந்தோ நகலெடுத்த பதினேழு பக்கம் வேண்டாம். உங்கள் நிலைமைக்கு நான் சேர்க்கச் சொல்வது:

பற்றுச்சீட்டு விண்ணப்பத்துக்குத் தேவையான ஆவணங்களை உரிமையாளர் தருவார் என்று ஒரு வரி. அவராகத் தரக் கடமை இல்லை என்று மேலே பேசினோம் அல்லவா, எழுதிவிட்டால் கடமை வந்துவிடும். உங்கள் பெயரும் மனைவி பெயரும் வாடகைக்காரராகப் பதிவாக வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். டெபாசிட் காலி செய்த 14 நாளுக்குள் திரும்ப வேண்டும். சிறு பழுதுக்கு நீங்கள் கட்டும் உச்சவரம்பு, வழக்கமாக 150 அல்லது 200 வெள்ளி, அதற்கு மேல் அவர். ஏசி சர்வீஸ் யார் செலவு என்பதும்.

இன்னொன்று, உங்களுக்கு மிக முக்கியம். பிடிஓ சாவி சீக்கிரம் வந்துவிட்டால், இரண்டு மாத அறிவிப்பு கொடுத்துவிட்டு டெபாசிட் இழக்காமல் வெளியேறலாம் என்ற வாசகம். வெளிநாட்டினருக்குப் போடும் ராஜதந்திர வாசகம் (வேலை போய் நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் முன்கூட்டியே வெளியேறலாம் என்பது) உங்களுக்குப் பொருந்தாது. சாவி கிடைப்பதைக் காரணமாகப் பெயர் சொல்லியே எழுதுங்கள். ஆசிரியர் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

அனுமதி எடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னதும் சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) போட்டு வீவக தளத்தில் வாடகைக்காரர் விசாரணைச் சேவையில் உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். நல்லவராகவே இருக்கட்டும், பார்த்துவிட்டு டெபாசிட் கட்டுங்கள். பேநவ் (வங்கி வழிப் பணமாற்றம்) மூலம் அனுப்புங்கள், ரொக்கம் வேண்டாம்.

செங்காங்_ராஜி | 17 ஆகஸ்ட்

குழந்தை வரப்போகுது, அதனால ஒப்பந்தம் எழுதும்போது பெயிண்ட், ஜன்னல் கம்பி எல்லாம் பார்த்துக்கோங்க. கம்பி இல்லாத ஜன்னலுக்கு உரிமையாளர் போட்டுத் தருவாரான்னு இப்பவே கேட்டு அதையும் எழுதிடுங்க. எங்க வீட்ல வந்தபிறகு கேட்டோம், எங்க செலவாயிடுச்சு.

புக்கிட்பாத்தோக்_புதுசு | 21 ஆகஸ்ட்

மன்னிக்கவும், பழைய இழையில் கேட்கிறேன். நாங்க முழு வீடு எடுக்கலை, ஒரு ஆன்ட்டி வீட்டில் மாஸ்டர் பெட்ரூம் மட்டும் பார்த்திருக்கோம். 300 வெள்ளி அறைக்கும் உண்டா? ஆன்ட்டி மகள் வீட்டில்தான் தங்குறாங்க, அவங்க அறையைப் பூட்டி வச்சிருக்காங்க.

பழைய_முகவர் | 21 ஆகஸ்ட்

அறைக்கும் உண்டு. ஆனால் அறை வாடகைக்கு விடும் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டிவைத்துவிட்டு வேறு இடத்தில் இருப்பதை வீவக முழு வீட்டையும் விட்டதாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆன்ட்டி நிரந்தரவாசியா குடிமகளா, ஐந்தாண்டு முடிந்ததா என்று கேளுங்கள். முடிந்திருந்தால் முழு வீடாகவே அனுமதி எடுக்கச் சொல்லிவிட்டு வாடகையைப் பேசுங்கள். இல்லையென்றால் வேறு அறை பாருங்கள்.